ஆறு மாவட்டமும் ஒரு சம்பந்தமும்

யுத்தம் முடிந்து, இலங்கைக்கு டொமினியன் அந்தஸ்து என்ற பேரில் சுயாட்சி வரும், வராது என்று கொழும்பு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில் ஒரு தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர்மார் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இப்படிப்பட்ட பிரமச்சாரி வீட்டைச் சமறி என்பார்கள். எங்கள் சமறியில் சோறு பிந்தினாலும் அரசியல் பிந்தாது.

அந்த நாளில் பெண் பகுதியார் மாப்பிள்ளையை முறையாகப் பார்க்க வருவதற்கு முன், கந்தோரில் களவாக வந்து பார்ப்பது வழக்கம். ஆள் சொன்ன உத்தியோகத்தில்தான் இருக்கிறானா, முன்கோபக்காரனா என்று விசாரித்துக்கொள்வார்கள். தபால் கந்தோர் மாப்பிள்ளையைப் பார்ப்பது அவர்களுக்கு இன்னும் வசதி. ஒரு முத்திரை வாங்க வந்தால் போதும். எனக்கு முதலில் வந்த இரண்டு சம்பந்தமும் அப்படித்தான் கவுண்டரிலேயே முறிந்தன. ஒரு பெண்ணின் தாய்மாமனைப் பார்த்து, "கண் தெரியாதோ, வரிசையிலை நில்லும்" என்று சொல்லிவிட்டேன். மற்றதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மூன்றாவது சம்பந்தத்தைத் தரகர் கொண்டுவந்தபோது நான் பயந்தே போனேன். இதுவும் முறிந்தால் இனி உமக்கு ஆள் தேட மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெண் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், நாள் தவறாமல் பேப்பர் வாசிப்பாள் என்றார். படம் கொடுக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லையாம். படம் இல்லாமலே எனக்கு ஆசை வந்துவிட்டது. பேப்பர் வாசிக்கிற பெண்ணோடு காலம் முழுக்கக் கதைக்கலாமே!

"தகப்பன் உம்மைப் பாக்க வருவார். எப்ப எண்டு சொல்லார், தான் ஆர் எண்டும் சொல்லார்," என்றார் தரகர். "துறைமுகத்திலை ஒரு அயர்லாந்துத் துரைக்குக் கீழை வேலை செய்தவர். துரை ஊருக்குப் போன பிறகும் அவருக்கு இவர் கடிதம் போடுறவர். அந்தக் கடிதத்தோடைதான் வருவார். அயர்லாந்தைப் பற்றி ஏதும் கேட்டால் நீர் திருதிரு எண்டு முழிக்கக் கூடாது, கண்டீரோ?"

அயர்லாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். கந்தோரில் தொங்கிய பழைய உலகப் படத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு. சமறியில் எங்களோடு இருந்த ஒருவருக்குச் செக்ரட்டேரியட்டில் வேலை. வெளிநாட்டு அரசியல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலைச் சாப்பாட்டில் அவரிடம் கேட்டேன். ஒரு பாண் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்து, அதன் வடகிழக்கு மூலையைக் கிள்ளித் தனியாக வைத்தார்.

"இந்த மூலை ஆறு மாவட்டம். இது பிரித்தானியாவோடை. ஆனா அங்கை தனிப் பார்லிமெண்டும் இருக்கு. மற்றது இருபத்தாறு மாவட்டம். அவை தங்கட பாட்டிலை இருக்கினம். யுத்தத்துக்கும் போகேல்லை."

"அப்ப அது வேற நாடு?"

"முழுக்க அப்படிச் சொல்லேலாது. உள்நாட்டு விசயத்திலை ராசா இல்லை. வெளிநாட்டுக் கடுதாசியிலை கையெழுத்து வைக்க மட்டும் ராசா இருக்கிறார்."

"இதென்ன கோதாரி அந்தஸ்து!" என்றேன். அதற்குள் பக்கத்திலிருந்தவர் ஆறு மாவட்டத்தையும் சம்பலில் தொட்டு வாயில் போட்டுவிட்டார். இங்கேயும் தமிழருக்கும் சிங்களவருக்கும் நடுவில் ஒரு கோடு கீறினால் வெள்ளவத்தை எந்தப் பக்கம் போகும் என்று இன்னொருவர் கேட்டார். வயிறு நோகச் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் பகிடியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஒரு கிழமை முழுக்க அயர்லாந்தை மனப்பாடம் பண்ணினேன். அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். கறுத்தக் கோட்டு, மடித்த குடை, கையில் வெளிநாட்டுக் கடிதம். பெண்ணின் தகப்பன் இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"தம்பி, இதுக்கு எந்த முத்திரை ஒட்டுறது?"

"அது எந்தப் பக்கத்துக்குப் போகுது எண்டதைப் பொறுத்தது ஐயா," என்று எழுந்து நின்று தொடங்கினேன். ஆறு மாவட்டம், இருபத்தாறு மாவட்டம், இரண்டுக்கும் நடுவில் கீறிய கோடு, ராசாவின் கையெழுத்து, தனிப் பார்லிமெண்ட், ஒன்றையும் விடவில்லை. எங்கள் டொமினியன் கோரிக்கைக்கும் அதற்கும் உள்ள பொருத்தத்தை வேறு சொன்னேன். பெரியவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், "பொறுங்கோ ஐயா, இன்னும் இருக்கு," என்றேன். வரிசை வாசல் வரை போய்விட்டது.

பெரியவருக்குப் பின்னால், கையில் கடிதத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். "எனக்கு ஒரு முத்திரை தந்தால் காணும்," என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, முக்கியமான விசயம் கதைக்கிறம்," என்றேன்.

"அப்ப எனக்கும் ஒரு கேள்வி," என்றாள் அவள். "அந்தக் கோட்டைக் கீறேக்கை, கோட்டுக் கரையிலை வீடு வளவு வைச்சிருந்த சனத்தைக் கேட்டவையோ?"

என் மனப்பாடத்தில் அது இல்லை. செக்ரட்டேரியட் நண்பரும் சொல்லவில்லை. "அது... எனக்குத் தெரியாது," என்றேன்.

அந்த இடைவெளியில் பெரியவர் முந்திக்கொண்டார். "தம்பி, நீர் நல்லாய்ப் பேசுறீர். ஆனா இது கோலாலம்பூரிலை இருக்கிற என்ரை தம்பிக்குப் போற கடிதம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவருக்கு முத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தலை நிமிராமல் அந்தப் பெண்ணின் கடிதத்தை வாங்கினேன். முகவரியின் கடைசி வரியில் அயர்லாந்து என்றிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அனுப்புகிறவர் முகவரி, கொட்டாஞ்சேனையில் தரகர் சொன்ன அதே வீடு. இவளையா தங்கச்சி என்று கூப்பிட்டேன்!

"அப்பா வரேல்லையோ?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அவருக்கு முழங்கால் நோ. வேற ஆரையும் அனுப்புவம் எண்டார். நான் சொல்லாமல் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

"கொட்டாஞ்சேனையிலையும் தபால் கந்தோர் இருக்குத்தானே?"

"இருக்கு."

அவள் போகத் திரும்பினாள். மூன்றாவதும் கவுண்டரிலேயே முறிகிறது என்று நினைத்தேன். அவள் கேட்ட கேள்விதான் எனக்கு வாயைக் கொடுத்தது.

"கோட்டுக் கரையிலை இருந்த சனத்தைக் கேட்டவையோ எண்டியள். உங்களை ஆரும் கேட்டவையோ?"

அவள் நின்றாள். "அப்பாவைக் கேட்டாச்சு. பெரியப்பாவைக் கேட்டாச்சு. சாதகம் பாத்த சாத்திரியாரை இரண்டு தரம் கேட்டாச்சு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் கேக்கிறன். உங்களுக்குச் சம்மதமோ?"

வரிசையில் ஒருவர் கனைத்தார். அவள் காதும் முகமும் சிவந்தன. "யோசிச்சுச் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலைத் தபால் பையில் என் பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. கந்தோரின் பின்கட்டில் நின்று உடைத்தேன். நாலே வரி.

"கேட்டதற்கு நன்றி. எனக்குச் சம்மதம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் படிப்பிப்பேன். அதை மட்டும் என்னைக் கேட்க வேண்டாம்."