கிவ் அப்புக்கு ஓர் உதாரணம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருநாள் சார் 'கிவ் அப்' நடத்தினார். ஒரு பழக்கத்தை விடுவது, முடியாது என்று கைவிடுவது, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு சொல்தான். பிறகு போர்டில் உதாரணம் எழுதிப்போட்டார். அவன் சிகரெட்டை கிவ் அப் செய்தான். அவள் கல்யாணமானதும் வேலையை கிவ் அப் செய்தாள்.

அடப்பாவி! சிகரெட்டும் வேலையும் ஒன்றா? சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அப்போது நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் ஷிஃப்ட் முடிந்து, கால் கடுக்க அந்த மாடிப்படி ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பெல்லாம் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். எங்கள் பக்கத்தில் அப்போது புதிதாக வேறொன்று கிளம்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியை வாயில் போட்டபடி, "எங்க பையன் ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ்தான். எங்க, ரெண்டு வார்த்தை பேசும்மா, கேப்போம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவிடம் திரும்பி, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் சார், இப்பவே சொல்லிடறேன்" என்றார். அப்பா சரியென்று தலையாட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டிலேயே கிடப்பவளுக்கு இங்கிலீஷ் எதற்கு? கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் பேசவா?

வந்ததே எனக்கு ஆத்திரம்! "ஐ வில் நாட் கிவ் அப் மை ஜாப்" என்றேன், சத்தமாக.

"அடேயப்பா, என்னமா பேசுது பொண்ணு!" என்று பூரித்துப்போனார் அந்த அம்மா. மாப்பிள்ளைக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவர் கேசரித் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. "இன்னா சொன்னே, எங்களுக்கும் சொல்லும்மா" என்றார் அவருடைய அம்மா.

"வேலைய விட மாட்டேன்னு சொன்னேன் ஆன்ட்டி."

பூரிப்பெல்லாம் போய் முகம் சுண்டிவிட்டது. "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி சார்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, காபிக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்கள்.

வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்த அப்பா என்மேல் பாய்ந்தார்.

"இங்கிலீஷ்ல சொன்னதோட நிறுத்தியிருக்கக் கூடாதா? யாருக்கும் புரியலதானே!"