மாரண்டஹள்ளிப் பரணில் வந்த பதில்

1. அவசரமாக ஒரு போன்

"பாய், மரவேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. இன்னைக்கே வந்து நடுவுல செங்கல் வச்சு அடைச்சுக் குடுத்துடுங்க."

காலையில் டீ டம்ளரைக் கையில் எடுக்கும்போது வந்த போன் இது. பேசியவர் கோவிந்தராஜ். மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவர் வீட்டுப் பரணை அளந்துவிட்டு வந்திருந்தேன். நான் தர்மபுரியில் மரவேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவன். பரண், கப்போர்டு, மாடிப்படி என்று பாதி வாழ்க்கை தூசியிலேயே போய்விட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரணை ஸ்டோர் ரூமாக மாற்றித் தரச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது படுக்கை ரூம். ஓட்டுக் கூரையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள் பாய் என்பார்கள். என்னமோ பானை மூடியைத் தூக்குகிற மாதிரி! கூரையைத் தூக்கினால் பிளான் அப்ரூவல் வேண்டும். சுவர் பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். விட்டத்தை வெட்டவே கூடாது. பரண் சாமான் வைக்கிற இடம், ஆள் இருக்கிற இடம் இல்லை. இதையெல்லாம் சொன்னால் நான் திமிர் பிடித்தவன் என்று பேர்.

கோவிந்தராஜ் வீட்டில் பிரச்சினை அந்தப் பொதுச்சுவர்தான். நீளமான பழைய ஓட்டு வீடு. அம்மா இறந்ததும் பாகம் பிரித்து, நடுவில் சுவர் வைத்து, தெற்குப் பாதியை அண்ணன் மாணிக்கம் எடுத்துக்கொண்டார். அந்தச் சுவர் மச்சுப் பலகையோடு நின்றுவிட்டது. பலகைக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, இரண்டு வீட்டுக்கும் ஒரே பரண். இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவில் சாக்கு மூட்டையும் உடைந்த கட்டிலும் அடுக்கி எல்லை போட்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

"அண்ணன் சம்மதம் இல்லாம சுவத்தை ஒசத்த முடியாதுங்களே" என்றேன் போனில்.

"கேட்டாச்சு பாய். சரின்னுட்டாரு. அவரு ஓசூர்ல மக வூட்டுக்குப் போயிருக்காரு. வூடு பூட்டிக் கெடக்குது."

நம்பிவிட்டேன். கொத்தனார் முருகேசனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2. எலுமிச்சம்பழம்

வீட்டுக்குள் நுழைந்ததும் கற்பூர வாசனை மூக்கை அடைத்தது. பரண் வாய் அடுப்படியில் இருந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவு ஓட்டை, மேலே பலகை மூடி. அதற்கு நேர் கீழே எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். கோவிந்தராஜின் மனைவி செல்வி சுவரோரமாக நின்றார்.

"என்னம்மா இது?"

"ரெண்டு ராத்திரியா மேல முனகல் கேக்குதுங்க பாய். எங்க அத்தைதான். அவங்க சாமானெல்லாம் மேலதான கெடக்குது. வூட்டைப் பிரிச்சது அவங்களுக்குப் பொறுக்கலை."

"எலிம்மா. இல்லாட்டி மரநாய். அதுங்க கத்துனா குழந்தை அழுவுற மாதிரியே இருக்கும்."

"மரநாய் பேரு சொல்லிக் கூப்பிடுங்களா பாய்?" என்றார் செல்வி. "இவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. நேத்து ராத்திரியோட அதுவும் நின்னுபோச்சு."

கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். எனக்கும் கொஞ்சம் பயம்தான். அதைக் காட்டிக்கொண்டால் வேலை நடக்குமா? முருகேசனைக் கலவை போடச் சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மூடிக் கிடக்கிற பரணை எடுத்ததும் திறக்க மாட்டோம். சுத்தியல் காம்பால் பலகையில் மூன்று தட்டு தட்டி, "எறங்குறதெல்லாம் எறங்கிக்கோ, வேலை ஆரம்பிக்கிறோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். பாம்போ தேளோ இருந்தால் நகர்ந்துகொள்ளும். முகத்தின் மேல் விழாது. போன தடவை தட்டியபோது நாலு எலி ஓடியது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் தட்டினேன். டொக், டொக், டொக்.

மேலே இருந்து பதில் வந்தது. டொக், டொக்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. யா அல்லாஹ் என்று என்னையறியாமல் வாயில் வந்தது. எலி ஓடும், கொறிக்கும். எண்ணித் தட்டாது. வாசலில் கலவை போட்டுக்கொண்டிருந்த முருகேசன் கரணையோடு எட்டிப் பார்த்து, "பாய், நான் வெளியவே நிக்கிறேன்" என்றான்.

"பதில் சொல்றாங்க பாத்தீங்களா!" செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "தெறக்காதீங்க பாய். அப்படியே அடைச்சிடுங்க. ஆணி அடிச்சிடுங்க!"

நான் கோவிந்தராஜைப் பார்த்தேன். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு தடவ தட்டுங்க" என்றார்.

தட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் லேசாக, இரும்பு பட்ட மாதிரி, மறுபடியும் இரண்டு.

"சின்ன வயசுல நாங்க மேல ஏறி வெல்லம் திருடித் திம்போம்" என்றார் கோவிந்தராஜ். பேச்சு திக்கித் திக்கி வந்தது. "எங்கம்மா கீழ இருந்து ஒலக்கையால மூணு தட்டு தட்டும், சாப்பிட வாங்கடான்னு. நாங்க ரெண்டு தட்டுவோம். வர்றோம்னு அர்த்தம்."

"அப்ப அத்தைதான்!" என்றார் செல்வி.

"அம்மா மூணு தட்டும்டி. ரெண்டு தட்டுறது நாங்க." அவர் என் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்க நிக்கிறேனே பாய்."

அவ்வளவுதான். "அண்ணா!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவே திரும்பியது.

3. பலகை

மூடியைத் தள்ளி மேலே ஏறினேன். கோவிந்தராஜும் பின்னாலேயே ஏறி வந்தார். செல்போன் வெளிச்சத்தில் தூசிதான் தெரிந்தது. நடுவில் அடுக்கியிருந்த சாக்குகளை இழுத்துப் போட்டோம். அந்தப் பக்கம் ஒரு பித்தளை அண்டா கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கை. கையில் இரும்புக் கரண்டி.

மாணிக்கம் ஓசூருக்குப் போகவே இல்லை. பேத்திக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு அண்டா எடுக்க, வீட்டில் தனியாக இருந்தபோது மூங்கில் ஏணி போட்டு ஏறியிருக்கிறார். ஏணி சரிந்துவிட்டது. உளுத்த பலகை உடைந்து வலது கால் தொடைவரை உள்ளே இறங்கி, விட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முந்தாநாள் மத்தியானத்திலிருந்து அப்படியே. போன் கீழே கட்டிலில். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. மகளோ, அப்பா விசேஷத்தன்றைக்குத்தான் வருவார் என்று நினைத்திருக்கிறாள்.

முருகேசனை அண்ணன் வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அவன் போய்க் கத்தினான்: "பாய், வெளிய பூட்டே இல்ல! உள்தாப்பா போட்டிருக்கு!" அந்தக் கதவைத் தாண்டித்தான் கோவிந்தராஜும் செல்வியும் தினமும் போய் வந்தார்கள். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பக்கூடாது என்று வைராக்கியம். பூட்டு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத வைராக்கியம்.

கதவை உடைத்து உள்ளே போன முருகேசன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மச்சிலிருந்து ஒரு கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததாம். அவன் அந்தக் காலைத் தோளில் தாங்கிக்கொள்ள, நான் மேலே கைரம்பத்தால் காலைச் சுற்றி இருந்த பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். கோவிந்தராஜ் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துணியைத் தண்ணீரில் நனைத்து அவர் வாயில் பிழிந்துகொண்டே இருந்தார். 108 வருவதற்குள் இறக்கிவிட்டோம்.

கால் முறிந்திருந்தது. மனிதர் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னது முனகலைவிட மோசம்.

"கீழருந்து கற்பூர வாசனை வந்துச்சு பாய். எனக்குத்தான் காரியம் பண்றாங்கன்னு நெனச்சுட்டேன். சரி, செத்துட்டேன்போலன்னு படுத்துக்கெடந்தேன். அப்பத்தான் மூணு தட்டு கேட்டுது. அம்மா கூப்பிடுதுன்னு நெனச்சேன். 'வர்றேன்'னு தட்டினேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தராஜ் தேம்பித் தேம்பி அழுதார். அண்ணனிடம் கேட்டதாக என்னிடம் சொன்னது பொய். நான் அதைக் கிளறவில்லை.

4. தாழ்ப்பாள்

அந்த வேலையை அப்புறம் முடித்தேன். விட்டத்தைத் தொடவில்லை, கூரையைத் தூக்கவில்லை. உளுத்த பலகையெல்லாம் மாற்றி, இரண்டு வீட்டிலும் சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் படி வைத்து, கைப்பிடியும் லைட்டும் கொடுத்தேன். இனி அந்த வீட்டில் மூங்கில் ஏணி கிடையாது. நடுவில் சுவருக்குப் பதிலாக ப்ளைவுட் தடுப்பும் ஒரு கதவும் கேட்டார்கள். இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டார்கள்.

கதவு மாட்டுகிற அன்றைக்குத் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் அடிக்கட்டும்?" என்று கேட்டேன். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆணி அடிக்கச் சொல்லி அழுத செல்விதான் பதில் சொன்னார்.

"எந்தப் பக்கமும் வேணாங்க பாய்."

பிள்ளைகளே, அன்றைக்குக் கலவை தயாராக இருந்தது. செங்கல் வாசலில் இறங்கியிருந்தது. அவசரம் என்று அந்த மூன்று தட்டை விட்டிருந்தால், நானே என் கையால் வேலையைச் சுத்தமாக முடித்து, கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். பிண வாடை வருகிறவரைக்கும் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் எதை அடைப்பதாக இருந்தாலும் முதலில் தட்டுங்கள். தட்டிவிட்டு நில்லுங்கள். "போதும் பாய், ஒண்ணும் இல்ல" என்று முருகேசன் இப்போதும் முணுமுணுப்பான். நான் இன்னும் கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஆணியை எடுப்பேன்.