டோக்கன் வெளியே போய்விட்டது

எங்கள் சபையின் அசனத்துக்கு டோக்கன் அச்சடிக்கும் பைத்தான் லைப்ரரியை, அதாவது கணினி நிரல் தொகுப்பை, எழுதியவன் நான். ஆராதனை முடிந்து சபை மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அசனம். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை சைவம், எத்தனை மட்டன் என்று கொடுத்தால் போதும், என் நிரல் பிரித்து அச்சுக்கு அனுப்பிவிடும். வேறு சபைகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை இணையத்தில் பொதுவில் போட்டிருந்தேன். இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. நிரலை ஓட்டாமலே, வெறுமனே படித்துப் பார்த்து, இந்த வரியில் இன்ன ஆபத்து என்று சொல்லும். ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்று பெயர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஓட்டிப் பாக்காமலே குறை சொல்றதா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கம்மா உங்களை அதானே பண்ணாங்க."

"அவங்க சொன்னதுல எதாவது சரியா இருந்துச்சா?"

"எல்லாமே."

அசன ஞாயிறு அன்று அவள் பாடகர் குழு என்று அவனியாபுரத்தில் இருக்கும் கோயிலுக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நான் "பின்னாலயே வாரேன்" என்று சொல்லிவிட்டு, பழங்காநத்தம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். சுத்தமான நிரல் எப்படி இருக்கும் என்று மறுநாள் அலுவலகத்தில் காட்டுவதற்காக, என் லைப்ரரியை அந்தக் கருவியிடம் கொடுத்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு. வரிக்கு வரி ஒரே குற்றச்சாட்டு: ரகசிய டோக்கன் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கலாம். அந்த 'லாம்' என் கண்ணில் படவில்லை.

எங்கள் தொழிலில் டோக்கன் என்றால் ரகசியச் சாவி. அது கையில் கிடைத்தவன் உள்ளே நுழைந்து எதையும் செய்யலாம். நானோ அதை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறேன். யார் வீட்டில் எத்தனை மட்டன் என்ற விவரம் எதிரிகளுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனாலேயே பயம் கூடியது. சபைச் செயலருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, டோக்கன் வெளிய போயிருச்சு."

"வெளியவா? யாருக்குப்பா?"

"உலகத்துக்கே."

"எம்புட்டுப் பேரு வருவாங்க?"

"கணக்கே இல்லண்ணே. பழைய டோக்கன் எல்லாத்தையும் உடனே கேன்சல் பண்ணிருங்க."

"ஆடு கல்லுப்பட்டியில இருந்து வந்து, வெட்டி, அடுப்புலயே ஏத்தியாச்சேப்பா."

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. டோக்கனை மட்டும் பாருங்க."

ஒரு பேரழிவைத் தடுத்த நிம்மதியில் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகுதான், கருவி சுட்டிய வரியைப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. 'மட்டன்_டோக்கன்' என்று இருந்தது. அதற்கு எதிரே 'மட்டன்' என்று இருந்தது. அடுத்த சிவப்பு வரி 'சைவ_டோக்கன்'. எல்லாமே சாப்பாட்டு டோக்கன். டோக்கன் என்ற பெயரைப் பார்த்ததும் கருவி மிரண்டிருக்கிறது, கருவியைப் பார்த்து நான் மிரண்டிருக்கிறேன். அது ரகசியம் என்று பிடித்தது மட்டனை. கொதிக்கும்போது தெருமுனை வரைக்கும் மணக்கிற ஒன்றை.

செயலருக்குத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மனைவிதான் கூப்பிட்டாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க? ஆசீர்வாதம் முடியக்கூட இல்ல, செயலர் மைக்கை வாங்கிட்டாரு. பழைய டோக்கன் எதுவும் செல்லாதாம். வெளியாளுங்க கூட்டமா சாப்பிட வாராங்களாம். கேட்டைப் பூட்டியாச்சு. யாரு சொன்னான்னு கேட்டா உங்களைக் கை காட்றாரு."

"அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு."

"இருக்கும். சோறு கிடையாதுங்கறது மட்டும் இங்க எல்லாருக்கும் சரியாப் புரிஞ்சிருக்கு."

ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பந்தலில் இலை போட்டிருந்தது. இலைக்கு முன்னால் ஆள் இல்லை. ஆட்களெல்லாம் செல்லாத டோக்கனைப் பிடித்துக்கொண்டு செயலரைச் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டைத் திறந்து, மைக்கை என் கையில் திணித்தார்.

"அதாவது," என்றேன், "டோக்கன்னா அந்த டோக்கன் இல்ல. அது ரகசியச் சாவி. ஆனா இந்த டோக்கன், டோக்கன்தான். நான் இந்த டோக்கனை அந்த டோக்கன்னு நினைச்சு..."

"மாப்ள," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், "கறி இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"கையில உள்ள டோக்கன் செல்லுமா செல்லாதா?"

"செல்லும்."

"அம்புட்டுத்தான? மைக்கை வச்சிட்டு நகரு."

கூட்டம் பந்தலுக்குள் பாய்ந்தது. பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். நானும் பின்னாலேயே போனேன். பந்தல் வாசலில் செயலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டோக்கன்?" என்றார்.

டோக்கன் பழங்காநத்தத்தில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருந்தது. "வீட்ல இருக்குண்ணே."

"வீட்லதான் இருக்கா? வெளிய போயிரலையே?"

வாசலை ஒட்டிய இலையில் மனைவி எலும்பைக் கடித்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். செயலர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, தன் கையாலேயே எனக்குப் புது டோக்கன் எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் படித்தேன்.

சைவம் என்று எழுதியிருந்தது.