சூரியன் படம் போட்ட பட்டன்

வேலை விளம்பரங்களைப் படித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இரண்டாயிரத்துப் பதினாறில் வந்த யூஎக்ஸ் டிசைனர் விளம்பரம் ஒன்று அப்படியே நினைவில் இருக்கிறது. ஆறு சாஃப்ட்வேர் தெரிந்திருக்க வேண்டும், நன்றாகப் பேசத் தெரிய வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும். கடைசி வரியில், புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். எழுதினவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்று சிரித்துவிட்டு நானும் விண்ணப்பித்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வேலைதான். செல்போன் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருந்தால் மக்கள் தடுமாறாமல் அமுக்குவார்கள் என்று யோசிக்கிற வேலை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் எட்டு மாதம் உட்கார்ந்து, பதினான்கு திரைகள் வரைந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

சென்னையில் நேர்காணல் செய்த அம்மையார் பதினான்கையும் பொறுமையாகப் பார்த்தார்.

"அழகா இருக்கு. இதை யார் யூஸ் பண்ணாங்க?"

"யாரும் இன்னும் பண்ணல மேடம்."

"அப்ப எங்க தப்பா அமுக்குவாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தப்பா அமுக்க மாட்டாங்க மேடம்."

அவர் சிரித்தார். "நாலு பேராவது யூஸ் பண்ணட்டும். அப்புறம் வாங்க, பேசுவோம்."

திரும்பும் பேருந்தில் பண்ருட்டி வரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போது அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பது உறைத்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு அக்கா மெஸ் நடத்தினார். நெல்லிக்குப்பத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாகத் தங்கி மைன்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவர் கேரியர் சாப்பாடுதான் கதி. அவர் கணவர் மொபெட்டில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆர்டர் எல்லாம் போனில்தான். அக்கா ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போனோடு நிற்பார். செல்போனிலேயே ஆர்டர் கொடுக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து தரட்டுமா என்று கேட்டேன். "செய்யேன் கண்ணு, என் காதுக்காவது ஓய்வு கெடைக்கும்" என்றார்.

இரண்டு வாரம் என் அறையை விட்டு நகராமல் செய்தேன். மூன்று பட்டன். காலைக்கு உதிக்கிற சூரியன், அதில் இட்லி, பொங்கல். மதியத்துக்கு உச்சிச் சூரியன், அதில் சோறு, குழம்பு. இரவுக்குப் பிறை நிலா, அதில் சப்பாத்தி, தோசை. பார்த்துப் பார்த்து நானே மயங்கினேன்.

முதல் நாளே மெஸ் வாசலில் சண்டை. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் மதியப் பட்டனை அமுக்கிவிட்டு, காலை ஏழு மணியிலிருந்து கேரியருக்குக் காத்திருந்து, பசியோடே தூங்கியிருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு அக்காவின் கணவர் போய்க் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறார். அன்று இப்படி மூன்று பேர்.

"கண்ணு, போன்ல சொன்னா யாரு எந்த ஷிப்டுன்னு எனக்குத் தெரியும். ஆறு மணிக்கே சோறு வடிச்சிடுவேன். இதுல எனக்கு ஒண்ணும் புரியலியே" என்றார் அக்கா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை வீட்டில் குதித்தேன். "மதியம்னு இவ்ளோ பெருசா எழுதியிருக்கு, சூரியன் வேற போட்டிருக்கு. அவங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ராத்திரி பூரா நின்னுகினு வந்தவனுக்கு நாலு இட்லி எங்க பத்தும்? சோறு எதுல இருக்குதோ அதத்தான் அமுக்குவான். சூரியனையா பாத்துகினு இருப்பான்?"

நான் அவர் தட்டைப் பார்த்தேன். மணி ஏழரை. தட்டு நிறைய சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. பிறந்ததிலிருந்து நைட் ஷிப்ட் வாரங்களில் பார்க்கிற தட்டு. அதை வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவனுக்கு வரைகிற மாதிரி வரைந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்றே பட்டன்களை அழித்தேன். காகிதத்தில் புதிதாக வரைந்து எடுத்துக்கொண்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் மெஸ் வாசலில் நின்றேன். வருகிறவர்களிடம் நீட்டி, "சாப்பாடு சொல்லணும்னா எங்க விரல் வைப்பீங்க?" என்று கேட்டேன். விரல் தயங்கிய இடங்களைக் குறித்தேன். ஒருவருக்கு எழுத்து சிறிதாக இருந்தது. ஒருவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்தார். நாலு நாளில் ஏழு முறை மாற்றினேன். கடைசியில் நின்றவை இரண்டே கேள்விகள். எந்த ஷிப்ட்? சாப்பாடு வேண்டியது வேலைக்குப் போகிறதுக்கு முன்னாலா, வந்த பிறகா? அதற்கப்புறம் எந்த நேரத்திலும் சோறும் உண்டு, இட்லியும் உண்டு. அந்த வாரம் யாரும் பசியோடு தூங்கவில்லை. அக்கா ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தனுப்பினார்.

அதே அம்மையாருக்கு எழுதினேன், கூப்பிட்டார். இந்த முறை பதினான்கு திரைகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். முதலில் காட்டியது சூரியனும் நிலாவும் போட்ட தப்பான திரை. அடுத்து, எண்ணெய்க் கறை படிந்த அந்த ஏழு காகிதங்கள். ஒவ்வொன்றையும் ஏன் மாற்றினேன் என்று சொல்லச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினேன். சாஃப்ட்வேர் பெயர் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. இன்று நானே ஆள் எடுக்கும்போதும், நீங்கள் செய்ததில் எது சொதப்பியது என்றுதான் முதலில் கேட்கிறேன். மழுப்புகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்று போன் செய்தபோது அப்பா மதியம் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பெரிய பெரிய கேள்வியா கேட்டாங்களா?"

"எங்கப்பா காலையில என்ன சாப்பிடுவாருன்னு கேட்டாங்கப்பா."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சோறுன்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."