பெருக்காதீங்கன்னு சொல்ற வேலை

நாங்க வர்றோம்னு வீட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறதுதான் எங்க தொழில்ல முதல் ஆபத்து. பழைய கட்டடத்துல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு பார்த்து, நகத்தளவு துண்டு வெட்டி, லேபுக்கு அனுப்புறது என் வேலை. இடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிட்டே ஆகணும்னு கூப்பிடுவாங்களே தவிர, ஆசையா யாரும் கூப்பிட மாட்டாங்க. பிளம்பர், ஏர்கான்காரர், கரையான் மருந்து அடிக்கிறவர்னு அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு பொழைக்கிற அத்தனை பேருக்கும் என் வயித்தெரிச்சல் புரியும்.

மரியாதை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல ஒரு பழைய மளிகைக் கடை. பின்பக்கக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், வெடிச்சுப் பொடியாக் கொட்டுது. கடைக்காரர் பாய்கிட்ட போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எதையும் தொடாதீங்க, முக்கியமாப் பெருக்காதீங்கன்னு. சரிம்மா சரிம்மான்னார். போய்ப் பார்த்தா தரை பளபளங்குது, ஊதுபத்தி மணக்குது, பாய் கையில தொடப்பம். அவர் சட்டையெல்லாம் சாம்பல் நிறத்துல தூசி படிஞ்சிருக்கு.

எனக்கு வந்துச்சே கோபம்! கண்ணுக்குத் தெரியிற தூசி கீழ விழுந்துரும் பாய், தெரியாத தூசிதான் நெஞ்சுக்குள்ள போய் உட்காரும்னு கத்தியே விட்டேன். பாவம், மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. எனக்காக வாங்கி வச்சிருந்த தே தாரிக் டீயை நகர்த்தி வச்சுட்டுச் சொன்னார்:

"ஒரு பொம்பளப் பிள்ளை வேலையா வருது, இடத்தைக் குப்பையாவாம்மா வச்சிருக்கிறது?"

சூடு தாங்கும் கயிறு

செம்பவாங்ல ஒரு பெரியவர் வீடு. கப்பல் பட்டறையில கொதிகுழாய்க்கு உறை சுத்தின ஆள். அந்தக் காலத்துல வேலையிடத்துலேருந்து கொண்டு வந்த ஆஸ்பெஸ்டாஸ் கயித்தைச் சுருட்டித் தைச்சு, இன்னைக்கு வரைக்கும் சோத்துப் பானைக்கு அடியில வச்சுக்கிட்டு இருந்தார். ஓரமெல்லாம் பிஞ்சு நாரா நிக்குது. நான் தண்ணியை அடிச்சு நனைச்சு, ரெண்டு பையில போட்டுக் கட்டினேன். அவர் மூச்சு வாங்கிக்கிட்டே நான் கட்டுறதைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"கூட வேலை பார்த்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். இப்ப வந்து தொடாதேங்கிற, அப்ப எங்க போயிருந்தீங்க லா எல்லாரும்?"

நாகராஜோட குன்று

நாகராஜ் எங்க டீம்ல ஷீட்டைக் கழட்டுற ஆள். ஆந்திரா பக்கம் ஊரு, வீட்டுல தமிழ். ஒருநாள் மைக்ராஸ்கோப்ல ஒரு துண்டைக் காட்டி, இது ஆதியில கல்லுடான்னு பெருமையா ஆரம்பிச்சேன். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில உருகின பாறைக்குழம்பு நுழையும், அந்தச் சூட்டுலயும் தண்ணியிலயும் பாறை பச்சையா மாறும், அதுல விழுற விரிசல்ல வெள்ளையா நார் வளரும்னு சொன்னேன். எங்க ஊர்க் குன்று அப்படியே இதுதான்க்கான்னான்.

அங்க ஒரு சின்னச் சுரங்கம் இருந்திருக்கு. ஆம்பளைங்க பக்கவாட்டுல குடைஞ்சு கல்லை எடுக்க, பொம்பளைங்க வெளிய உட்கார்ந்து சுத்தியலால தட்டி நாரைப் பிரிப்பாங்களாம். அப்புறம் பாறையில நார் ஓடுன கோடு மெலிஞ்சு போச்சு, குகைக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, முதலாளி மெஷினைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டார். கழிவு மேட்டை மட்டும் ஊருக்கே விட்டுட்டாங்க. வெயில் காலத்துல ஆடுங்க குகை வாசல்ல படுத்துக்கும், பிள்ளைங்க மேட்டுல சறுக்கி விளையாடும். இவனும் விளையாடி இருக்கான். ஊர்க்காரங்க அந்தத் தூளை வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்களாம். எதுக்குன்னு கேட்டேன்.

"தரை போடத்தான்க்கா. எங்க வீட்டுத் தரையும் அதுதான். குளுகுளுன்னு இருக்கும், என் பாப்பா அதுலதான் தவழுது."

நெஞ்சுப் படம்

இந்த வேலையில இருக்கிறவங்களுக்கு அப்பப்ப எக்ஸ்ரே எடுப்பாங்க. நாகராஜ் படத்துல நுரையீரலைச் சுத்தி வெள்ளை வெள்ளையாத் திட்டு. இங்க வேலைக்கு வந்த கொஞ்ச காலத்துல இது வராது, சின்ன வயசுலயே உள்ள போனதா இருக்கும்னு டாக்டர் சொன்னார். இப்போதைக்கு உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா இனிமேல் இந்தத் தூசி ஆகவே ஆகாதுன்னார். வேலை போச்சு. ஊருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க.

அவனைத் தேக்கா சென்டர் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வச்சேன். தட்டைத் தள்ளி வச்சுட்டுக் கேட்டான்:

"ஊருக்குப் போயிட்டா இந்தத் தூசி இருக்காதுல்லக்கா?"

செல்வி

அவன் தரையைப் பத்திச் சொன்ன நாளே செஞ்சிருக்க வேண்டியது, இப்பதான் தேக்காவுல உட்கார்ந்தபடியே அவன் போனை வாங்கி, அவன் மனைவி செல்விகிட்ட நானே பேசினேன். அந்தத் தரையே விஷம்மா, தொடப்பத்தைத் தூக்கி எறி, ஈரத்துணியால துடை, சிமெண்ட் பூசுற வரைக்கும் பாப்பாவைக் கீழ விடாதே, முடிஞ்சா வேற வீட்டுக்குப் போயிடுன்னு கெஞ்சாத குறையாச் சொன்னேன். எல்லாத்துக்கும் சரிக்கா சரிக்கான்னா. எனக்கு மளிகைக் கடை பாய் ஞாபகம் வந்துச்சு. இப்ப என்னம்மா செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு கேட்டேன். சரக் சரக்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நடுவுல குழந்தையோட இருமல்.

"பெருக்கிட்டு இருக்கேன்க்கா. இத்தனை காலம் கழிச்சு மனுஷன் வீட்டுக்கு வர்றாரு, வீட்டைக் குப்பையாப் போட்டு வச்சா நல்லாவா இருக்கும்?"

சிங்கப்பூர்ல ஒரு ஷீட்டைக் கழட்ட மஞ்சள் டேப் கட்டி, முகமூடி மாட்டி, பாதிச் சந்தையையே மறிச்சு வைக்கிற எனக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தொடப்பத்தை நிறுத்தத் துப்பில்ல.