சகலையின் கால்கள்

அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நீளக் கூடத்தில் துணி வெளுக்கும் வேலை நடக்கும். மேலே தங்கிப் போகிறவர்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். துவைத்ததை ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். வந்ததை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். என் எதிர் முனை எப்போதும் பெரியவளுடையது.

பெரியவள், சின்னவள் என்றுதான் எங்கள் சபையில் அந்த அக்கா தங்கையைச் சொல்வார்கள். நாள் முழுக்க ஒருத்தியின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு விரிப்பு மடித்தால், அவள் வாய் திறக்காமலே வீட்டுச் சங்கதி தெரிந்துவிடும். துணியை வெடுக்கென்று இழுத்தாளென்றால் சின்னவள் வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. தங்கைக்கு ஒரு புது உடுப்பு வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அவள் புருஷன் லிப்ட் பழுது பார்க்கிறவர். சின்னவளைக் கட்டியவன் வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்தபோது, தன் கம்பெனியில் சொல்லி, தன் கூடவே சேர்த்துக்கொண்டவர் அவர்தான். சகலை என்று ஒருநாளும் சொன்னதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரே கட்டடத்தில் கீழே பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம். காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போவார்கள்.

ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், லிப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று இருவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி சறுக்கிக் கீழே போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். இரண்டு பேருக்கும் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் இருந்த இடுக்கில் ஒரே ஸ்டூலில் அக்காவும் தங்கையும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே டப்பாவில் சாப்பாடு, ஒரே வாயாக ஜெபம். அந்த நாட்களைப் பற்றிப் பின்னால் பேசும்போது பெரியவள் சொன்னாள், துக்கம் இரண்டு பேருக்கும் சமமாக இருந்தவரை தாங்க முடிந்தது என்று.

ஒரு காலையில் சின்னவள் புருஷனின் கால் பெருவிரல் அசைந்தது. முதலில் கண்டது பெரியவள்தான். அவளே தங்கையைத் தட்டி எழுப்பிக் காட்டினாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்புறம் பெரியவள் தன் புருஷனின் போர்வையை விலக்கி, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அசைகிற மாதிரித் தோன்றியது, அசையவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாடிக்காரன், அதுதான் சின்னவள் புருஷன், கட்டிலைவிட்டு இறங்கினான். கட்டைகளை ஊன்றி நடந்தான், பிறகு ஒற்றைக் கைத்தடியோடு நடந்தான். பெரியவளின் புருஷனுக்குத் தொடையில் கொஞ்சம் உணர்ச்சி வந்ததோடு சரி. சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவளுக்குக் காதுதான் சத்துரு. கீழ்வீட்டுக் கூரைக்கு மேலே அவன் நடப்பது கேட்கும். அடுப்படியிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கதவுக்கு. தடி ஊன்றும் சத்தம் வைத்தே அவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடுவாள். பிறகு ஒருநாள் தடிச்சத்தம் நின்றுபோயிற்று. தடியில்லாமல் நடக்கிறான் என்று புரிந்தபோது அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாளாம்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் தனக்குச் சுகம் கிடைத்ததைப் பற்றி எல்லார் முன்னும் எழுந்து அவன் சாட்சி சொன்னான். சபையே கை தட்டியது. அவன் பேசியதில் ஒரு குற்றமும் இல்லை, அண்ணனுக்காகவும் ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டான். சின்னவள்தான் பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விசுவாசத்தோட கேட்டோம், ஆண்டவர் குடுத்தார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை பெரியவள் இழுத்த இழுப்பில் ஒரு விரிப்பு கிழிந்தது.

"அப்போ நாங்க என்ன அவிசுவாசத்தோடயா கேட்டோம்?" என்றாள் என்னிடம். "ஒரே ஸ்டூல்ல உக்காந்து ஒரே ஜெபம்தானே பண்ணினோம். எனக்குப் பதில் சொல்லாதவர் அவளுக்கு மட்டும் எப்படிச் சொன்னார்?"

நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

போதகர் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் இதையேதான் கேட்டாள். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. கர்த்தர் ஏன் ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் செய்கிறார் என்று தனக்குத் தெரியாது, உனக்குப் பிந்தியாவது செய்வார் என்று வாக்குக் கொடுக்கவும் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். "காத்திரும்மா. சும்மா இருன்னு சொல்லல. அவர் இன்னைக்கு உன் கையில குடுத்திருக்கிற வேலையைச் செஞ்சுக்கிட்டே காத்திரு" என்றார்.

கையில் கொடுத்திருந்த வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வாராவாரம் வருவாள். முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்லுவாள். கணுக்காலை மடக்கி நீட்டிவிடச் சொல்லுவாள். காலையும் மாலையும் பெரியவள்தான் அதைச் செய்துவிட வேண்டும். தான் சொல்லும்வரை அவரை நிற்கவைக்கவே கூடாது, எலும்பு இன்னும் பலப்படவில்லை என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

பெரியவள் துண்டைச் சுருட்டினாள், கணுக்காலை மடக்கினாள். ஆனால் மனசு முழுக்க மாடியில் இருந்தது. வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூடப் பார்ப்பாள். மாடிக்காரனுடைய செருப்பு குதிகாலில் தேய்ந்திருந்தது. தன் புருஷனுடையது வாங்கிய மேனிக்கு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தால் அன்று முழுக்க எனக்குக் கை வலிதான்.

பிறகு ஒரு செய்தி வந்தது. சபையின் கதவருகே நின்று வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பை மாடிக்காரனுக்குக் கொடுத்திருந்தார்கள். விபத்துக்கு முன்னால் அது பெரியவள் புருஷன் செய்த ஊழியம். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நல்லது, தம்பிக்குப் பொருத்தமான வேலை என்றார். அந்தச் சந்தோஷம்தான் அவளை எரித்தது. இந்த மனுஷனுக்கு ரோஷமே இல்லையா என்று.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு கனத்த மர நாற்காலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். நாளைக்குச் சபையில் நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள், இன்றைக்குப் பழகிக்கொள்ளலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றார். அந்தப் பிசியோதெரபிப் பெண் சொல்லட்டும், அவசரப்படாதே என்றார்.

"உங்க சகலை நிக்கிறான், நடக்கிறான், உங்க இடத்தையும் எடுத்துக்கிட்டான்" என்றாள் அவள். "உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். எழுந்துவிட்டார். அவளைவிட ஒரு தலை உயரமானவர் என்பதையே அவள் மறந்திருந்தாள். அந்த உயரத்தைப் பார்த்துச் சிரித்தாள். கால் மடிந்தது. நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

அவள் கத்தியதும் மாடிக்காரன் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடிவந்தான். முட்டி போட்டு, அவருக்கு அடியில் கை கொடுத்து, அலுங்காமல் சாய்த்து உட்காரவைத்தான். அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? அவன் முழங்கால் எவ்வளவு சுலபமாக மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார், இவள் கண் சகலையின் கால் மேல் இருக்கிறது. இதை என்னிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள், கட்டிலிலிருந்து சறுக்கிவிட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். பிசியோதெரபிப் பெண்ணிடமும் அதே பதில். அவர் தன்னைக் காப்பாற்றக் காப்பாற்ற அவளுக்கு உள்ளே அறுத்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்பது.

கடைசியில் அவள் போய்ச் சொன்னது போதகரிடம் இல்லை, சின்னவளிடம். ஆஸ்பத்திரி மாடிப்படியில் தங்கையை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"அவர் சறுக்கி விழல. நான்தான் தூக்கி நிக்க வெச்சேன். உன் புருஷன் நடக்கிறது எனக்குப் பொறுக்கலடி."

சின்னவள் ஆறுதல் சொல்லுவாள் என்றோ, ஐயோ என்று கட்டிக்கொள்ளுவாள் என்றோ அவள் எதிர்பார்த்திருக்கலாம். சின்னவளுக்குக் கோபம் வந்தது.

"பொறுக்கலன்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுல சிரிப்பு வந்தா ஜன்னலைச் சாத்திட்டுச் சிரிக்கிறேன்க்கா. அவர் முதல்முறையா மாடி ஏறினப்போ உன்கிட்ட ஓடிவந்து சொல்லணும்னு இருந்துச்சு. சொல்ல முடிஞ்சுதா? எனக்கு ஆண்டவர் குடுத்ததை நான் திருடினவ மாதிரி ஒளிச்சு வெச்சிருக்கேன்."

பெரியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்துச் சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சாட்சியில் சொன்ன வார்த்தை பிசகிப்போயிற்று, அக்காவைக் குத்தவேண்டுமென்று சொல்லவில்லை என்றாள். மன்னித்துக்கொண்டார்களா என்று நான் கேட்டேன். "கொஞ்சம்" என்றாள் பெரியவள்.

அன்றைக்கே பிசியோதெரபிப் பெண்ணிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் நன்றாகத் திட்டிவிட்டு, துண்டைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாளாம். ஆரம்பத்திலிருந்து, என்றாளாம்.

ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கினார்கள். இந்தத் தடவை பெரியவள் எப்போது, எப்போது என்று கேட்கவில்லை. சொன்ன பயிற்சியைச் சொன்ன மாதிரி செய்தாள், அதற்கு மேல் ஒன்று சேர்க்கவும் இல்லை, ஒன்று குறைக்கவும் இல்லை. முன்பு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கவையும் நடக்கவையும் என்று ஆண்டவரோடு மல்லுக்கு நிற்பாள். இப்போது, "உமக்குத் தெரியும், நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுவதாகச் சொன்னாள். புருஷனிடமும் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டிருந்தாள். வெட்கமா இல்லையா என்று கேட்டாயே, அப்போது நிஜமாகவே வெட்கமாகத்தான் இருந்தது, அதனால்தான் எழுந்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது அவளை ரொம்ப நாள் தின்றது.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். காய்ச்சல் மாதிரி வந்து வந்து போகும். மாடிக்காரன் தன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கிய காலையில் மறுபடியும் ஒரு தலையணை உறையைக் கிழித்தாள். இந்தப் புத்தியை எடுத்துப்போடும்படி ஆண்டவரிடம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். "அதுக்கும் காத்திருன்னு சொல்றார் போல" என்றாள். ஆனால் காய்ச்சல் வந்தால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருந்தாள். நேரே மாடியேறிப் போய், "எனக்கு இன்னைக்கு வந்துடுச்சுடி" என்று தங்கையிடம் சொல்லிவிடுவாள். சின்னவள் அவளை உட்காரவைத்து ஏதாவது குடிக்கக் கொடுப்பாள். ஜன்னல்கள் திறந்திருந்தன.

அவர் நிற்கலாம் என்று பிசியோதெரபிப் பெண் சொன்ன நாளில் பெரியவள் வேலையில் இருந்தாள். நான்கு கால் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சில அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது, இன்றுவரை அதற்கு மேல் இல்லை. தெருவுக்கு நாற்காலிதான். சபைக் கதவருகே இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் நின்றுகொண்டு, ஒருவர் உட்கார்ந்துகொண்டு.

கம்பெனி பெரியவள் புருஷனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் அவர் மேஜைக்குத்தான் அழைப்பு வரும். ஒருநாள் பெரியவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, யாரோ ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். அவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். "கதவை நெம்பாதீங்கம்மா, அப்படியே உக்காருங்க. ஆள் கிளம்பியாச்சு. வர்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன்." கிளம்பிப் போன ஆள், மறுபடியும் லிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த மாடிக்காரன். பெரியவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தப் பெண் வெளியே வரும்வரை நின்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

போன வாரம் விரிப்பை மறுபடியும் வெடுக்கென்று இழுத்தாள். மாடியிலா என்று கேட்டேன். இல்லையாம், இந்தத் தடவை பொறாமை போதகர் மனைவி மேலாம். அவர்கள் வீட்டுக்குத் துணி துவைக்கிற புது மெஷின் வந்திருக்கிறதாம், சத்தமே போடாதாம். அதை எங்கள் உருளையின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டு, அவளே சிரித்துவிட்டாள். நான் என் முனையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.