கட்டிலுக்கு அடியில் மாமா

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், என் மாமா மூன்று வாரம் தினமும் சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தெருவில் இதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். உண்மையான காரணம் ஒரு ஸ்கேன்.

மாமா, அம்மாவின் அண்ணன். பல்லாவரத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவரும் அத்தையும் இருந்தார்கள். இளவயதில் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வருடப் போரில் அவருடைய விமானத்தை எதிரிகள் தங்கள் மண்ணில் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மெஷின் தீப்பிடித்தது, குதித்தேன், பிடித்துக்கொண்டார்கள், ஒரு வருஷம் கழித்து வெளியே விட்டார்கள். விமானத்தை மெஷின் என்றுதான் சொல்வார். எனக்கு இது போதவில்லை. பள்ளியில் நான் சொன்ன கதையில் மாமா விழுவதற்கு முன் ஐந்து விமானங்களை வீழ்த்தினார். சிறையில் காவலர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள்.

வீட்டில் அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எந்த அறைக் கதவையும் மூடவிட மாட்டார். குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் போடாமல், உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று உரக்கப் பாடுவார். காற்றோட்டத்துக்காக என்று நான் நினைத்திருந்தேன். தெருப் பூனைகள் அத்தனையும் மாடிக்குத் தாராளமாக வந்துபோயின.

குதித்தபோது அடிபட்ட முதுகெலும்பு முப்பது வருஷம் கழித்துத் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. இடது கால் மரத்துப்போனது. மாடிப்படியில் இரண்டு முறை விழுந்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் நடக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். நீண்ட குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் மாமாவைப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லி, ரப்பர் பந்து போல ஒரு பெல்லைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பெல் அடித்தது. வெளியே இழுத்ததும் மாமா எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். சட்டை முழுக்க வியர்வை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். அன்று தோள் வரைக்கும்கூட உள்ளே போகவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு போட்டோ எடுக்க இவ்வளவு பயமா? என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"சார், ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம் சார். ஒண்ணுமே தெரியாது" என்றான் ஸ்கேன் எடுக்கும் பையன்.

"வேணாம்பா. முழிச்சிக்கிட்டேதான் போவேன். மூணு வாரம் டைம் குடு" என்றார் மாமா.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. இரும்புக் கட்டிலின் நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, அடியில் மாமா மல்லாந்து படுத்துக்கொண்டார். கால்கள் மட்டும் வெளியே. மெஷின் போடும் சத்தத்துக்காக அத்தை ஒரு தட்டைக் கரண்டியால் அடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வது என் வேலை.

முதல் நாள் இரண்டு நிமிடம். போர்வையோடு கட்டிலையே தூக்கிவிடுவது போல வெளியே வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "போதும், விடுங்க. ஊசியே போட்டுக்கலாம்" என்றாள் அத்தை. மாமா தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"தட்டு," என்றார்.

மூன்றாம் நாள் நாலு நிமிடம். ஐந்தாம் நாள் பழையபடி இரண்டு. அன்று அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் ஆறாம் நாள் நான் பள்ளிவிட்டு வருவதற்குள் போர்வையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். அன்றைக்குத்தான், "என் கட்டைவிரலப் பிடிச்சிக்கோ. நிமிஷத்துக்கு ஒரு தடவ அழுத்து. விட்டுடாத" என்றார். மரத்துப்போகாத வலது காலின் விரலைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது நிமிடம் போனது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போது அந்த விரல் விறைத்துக்கொள்ளும். நான் அதை விளையாட்டாக எண்ணி இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பது நிமிடம் தொட்டோம். தட்டு நசுங்கிப்போயிருந்தது.

ஸ்கேன் சென்டரில் சின்னப் பெண்ணை உள்ளே விட முடியாது என்றார்கள். "இவ வரலன்னா நானும் வரல" என்று மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், உள்ளே உலோகம் எதுவும் ஆகாது என்று என் கம்மல், ஹேர்பின், பாவாடையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காதில் பஞ்சு வைத்து அனுமதித்தார்கள்.

மாமா உள்ளே போனார். சத்தம் நாங்கள் பழகியதைவிடப் பல மடங்கு பயங்கரமாக இருந்தது. வெளியே நீட்டியிருந்த வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்து அழுத்தினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் விரல் சில்லிட்டுவிட்டது. செத்துவிட்டாரோ என்று பயந்து இரண்டு தடவை அழுத்தினேன். அவர் விரலை இரண்டு தடவை அசைத்தார். முப்பத்தைந்து நிமிடம். பெல் அடிக்கவே இல்லை.

வெளியே வந்தவர் அமைதியாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார். அதற்கே ரொம்ப நேரம் ஆனது.

ஆட்டோவில் மாமாவுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அத்தை.

"இன்னா சார், நல்லபடியா முட்ஞ்சிச்சா?" என்றார் ஆட்டோக்காரர்.

"முடிஞ்சுதுப்பா."

"ஜெயில்ல ஒரு வருஷம் இருந்தீங்களே மாமா, இதுக்குப் போயி ஏன் இப்டி பயந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

மாமா என் பக்கம் திரும்பினார். "அங்க கையில பெல் குடுக்கலயேம்மா" என்றார்.

நான் அதை நல்ல ஜோக் என்று எண்ணிப் பலமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆட்டோக்காரரும்கூடச் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு, பல்லாவரம் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த நாளில் இவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.